எக்ஸ்சேஞ்சுக்கு விடும் காரின் கோளாறை எப்படிச் சொல்வது?

பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்க வருகிறவர்களின் வண்டியைப் பார்த்து விலை போடுவது என் வேலை. கோயம்புத்தூரில் ஒரு ஷோரூமில் இருக்கிறேன். "வண்டியில ஏதாச்சும் பிரச்சினை இருக்குதுங்களா?" என்று எல்லோரிடமும் கேட்பேன். "ஒண்ணுமே இல்லீங்க, அப்படியே ஷோரூம் கண்டிஷன்" என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்தப் பதிலால் யாருக்கும் கூடுதலாக நூறு ரூபாய்கூடக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

காரணம் எளிது. விலை போடுகிறவனுக்குக் கோளாறைவிட, அது என்ன கோளாறு என்று தெரியாததுதான் பெரிய பயம். என்ஜினில் ஏதோ சத்தம் வருகிறது, உரிமையாளர் மழுப்புகிறார் என்றால், நான் டைமிங் செயினுக்கு மட்டும் கழிக்க மாட்டேன். மொத்த என்ஜின் வேலைக்கும் சேர்த்துக் கழித்துவிடுவேன். எங்கள் முதலாளியும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

ஒருவர் டீசல் செடான் ஒன்றைக் கொண்டுவந்தார். உட்கார்ந்ததும், "கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே வருதுங்க. ஹெட் கேஸ்கெட்னு மெக்கானிக் சொல்றாரு" என்று 22,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் தாளை நீட்டினார். கூலன்ட் என்பது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்; ஹெட் கேஸ்கெட், என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு. ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கிறதா என்று ஆயில் அளவுக் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன், இல்லை. அந்தத் தாளில் இருந்ததற்கு மேல் கழிக்க என்னிடம் காரணமே இல்லை. எங்கள் பட்டறையில் அதே வேலை குறைந்த செலவில் முடியும் என்பதால் அவர் கொஞ்சம் பேரம் பேசவும் இடம் இருந்தது, பேசினார், கிடைத்தது.

ஆகவே வருவதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் காட்டி, கோளாறின் பெயரோடு ஒரு எஸ்டிமேட் வாங்கிவிடுங்கள். பெரிய வேலையை நீங்களே செய்து முடித்துவிட்டுக் கொண்டுவர வேண்டாம். போட்ட காசு முழுதாகத் திரும்பாது. பல்பு, வைப்பர், பேட்டரி மாதிரி சில்லறை விஷயங்களை மட்டும் சரி செய்தால் போதும்.

சொல்லும்போது மூன்று விவரம் இருக்கட்டும்: எப்போது வருகிறது, எவ்வளவு நாளாக, இதுவரை என்ன செய்தீர்கள். "கியர் கொஞ்சம் டைட்டுங்க" என்பதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. "காலையில முதல் ஸ்டார்ட்ல ரெண்டாவது கியர் விழாது, சூடானதும் சரியாயிடும், போன தீபாவளிக்கு கிளட்ச் மாத்தினோம், அப்பவும் போகல" என்றால் பாதி வேலை முடிந்தது. என்ஜின் ஆறிக் கிடக்கும்போது மட்டும் வருகிற கோளாறு என்றால் போனில் வீடியோ எடுத்துவையுங்கள்.

எதையெல்லாம் கட்டாயம் சொல்ல வேண்டும்? என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், பிரேக். விபத்தில் சேஸிஸோ பில்லரோ அடிபட்டு நிமிர்த்தியது. வெள்ளத்தில் நின்றது. மீட்டர் போர்டு மாற்றியதால் கிலோமீட்டர் குறைவாகக் காட்டுவது. ஏர்பேக் ஒருமுறை வெடித்து, திரும்பப் போடாமல் விட்டது; இதை மறைத்தால் அடுத்து அந்த வண்டியில் உட்காரும் குடும்பத்தின் உயிரோடு விளையாடுகிறீர்கள், இதில் நான் முகம் பார்க்க மாட்டேன். ஸ்பீக்கர் கரகரப்பதையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

மறைக்கிற வித்தைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புகை தெரியாமலிருக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி வருவார்கள். ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது தேய்ந்த என்ஜினுக்குள்ளிருந்து அந்த வழியாக அடிக்கும் புகை, காட்டிக்கொடுத்துவிடும். முந்தின நாள் ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் கோடுகளைப் படிக்கும், அழிக்கும் கருவி) போட்டு செக் என்ஜின் விளக்கை அணைத்துவிட்டு வருவார்கள். நாங்களும் ஸ்கேனர் செருகுவோம். கோட் அழித்து வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைப் பல கார்களில் அதுவே காட்டும். கோட் அழித்த பிறகு காரின் கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்றும் காட்டும். அழித்து 14 கிலோமீட்டர்தான் ஆகிறது என்றால் வேறென்ன நினைப்பது? இன்சூரன்ஸ் தாளும் பேசும். கிளெய்ம் இல்லாமல் 5 ஆண்டு போனால் 50 சதவீதம் வரை நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) ஏறியிருக்கும். அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால், "எங்க இடிச்சீங்க?" என்று கேட்பேன்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடலாம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் தெரிந்த குறையை முயன்று மறைப்பதும், பொய் என்று தெரிந்தே உண்மைபோலச் சொல்வதும் மோசடி. நான் கேட்டபோது "இல்லை" என்று சொல்லி, மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்தும் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். நாங்கள் விலை சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். விலை பேசி முடித்த பிறகு சொன்னால், அது எவ்வளவு சின்னக் கோளாறாக இருந்தாலும், "இன்னும் என்னென்ன இருக்கோ" என்ற சந்தேகம் வந்துவிடும். வாயால் சொன்னதோடு விடாதீர்கள். மதிப்பீட்டுத் தாளில் குறிப்புப் பகுதியில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பார்த்த ஆள் நாளைக்கே வேலையை விட்டுப் போயிருப்பான், தாள் இருக்கும். அப்புறம், பழைய வண்டியைக் கொடுப்பதற்காகத் தரும் சலுகையான எக்ஸ்சேஞ்ச் போனஸைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். கோளாறுக்குக் கழித்ததை போனஸாகத் திருப்பிக் கொடுப்பதுபோல் காட்டுகிற சேல்ஸ்மேன்களும் இருக்கிறார்கள்.

புது வண்டி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் பழைய வண்டியில் புதிதாக ஏதாவது வந்தால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். டெலிவரி அன்று நாங்கள் மறுபடி பார்ப்போம், அங்கே வைத்துத் தகராறு செய்வது இரண்டு பேருக்கும் சங்கடம். பிரேக்கில் கோளாறு என்றால் ஓட்டிக்கொண்டு வரவே வேண்டாம், டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

சாவியைக் கொடுக்கும்போது தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதிய ஒப்படைப்பு ரசீது வாங்குங்கள். ஷோரூம் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலராக இருந்தால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி படிவம் 29சி மூலம் வண்டி கைமாறியதைத் தெரிவிக்கலாம். அங்கீகாரம் இல்லாத இடமென்றால் ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். பெயர் மாறாத வண்டி மோதினால் நஷ்டஈட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது.