அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை நடுவிலிருந்து வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஏ.எல் வரலாறும் அரசறிவியலும் எடுக்கிற பிள்ளைகள் கனபேர் 1776 ஜூலை 4 பிரகடனத்தின் இரண்டாம் பந்தியைப் பாடமாக்கி வைத்திருப்பார்கள். ஆனால் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவிலிருந்து ஏன் பிரிந்தன என்று கேட்டால் "வரி" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவார்கள். அந்தப் பந்தி அழகுதான், அதில் தொடங்க வேண்டாம்.

நேரே நடுப்பகுதிக்குப் போங்கள். அங்கே பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜ்மேல் 27 குற்றச்சாட்டுகள் வரிசையாக இருக்கின்றன. கொப்பியில் நடுவே ஒரு கோடு கீறி, இடப்பக்கம் ஒவ்வொன்றையும் உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வரியாக எழுதுங்கள். சம்மதமில்லாமல் வரி போட்டது 17ஆவதாகத்தான் வரும்! அதற்கு முன்னால் வருபவை பெரும்பாலும் சட்டமன்றம், நீதிபதி, படை பற்றியவை. நான்காவதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள்: மக்கள் மன்றங்களைத் தூரமான, வசதியில்லாத, பதிவேடுகள் இல்லாத இடங்களில் கூட்டி, உறுப்பினர்களைக் களைக்க வைத்தே பணிய வைக்கப் பார்த்தார் என்கிறார்கள். ஒரு கையெழுத்துக்காக இரவு பஸ்ஸில் மூன்று தரம் கொழும்புக்குப் போய், "நாளைக்கு வாங்கோ" என்று கேட்டுத் திரும்பிய எனக்கு அந்த வரி உடனே விளங்கியது.

சரி, இனி வலப்பக்கம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எதிரே எந்த உரிமை மீறப்பட்டது என்று எழுதுங்கள். இதற்கு ஆங்கிலேயத் தத்துவஞானி ஜோன் லொக் வேண்டும். உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவை அரசு தந்தவை அல்ல, பிறப்போடு வந்தவை, அவற்றைக் காக்கத்தான் மக்கள் சம்மதித்து அரசை வைக்கிறார்கள் என்பது அவர் வாதம். பிரகடனத்தின் வரைவை எழுதிய தோமஸ் ஜெபர்சன் உடைமையை விட்டு "மகிழ்ச்சியைத் தேடும் உரிமை" என்று எழுதினார். ஆனால் அற்ப காரணத்துக்கு அரசை மாற்றக்கூடாது, நீண்ட தொடராக அத்துமீறல் நடந்திருக்க வேண்டும் என்றும் அந்த இரண்டாம் பந்தியே சொல்கிறது. அதனால்தான் 27. பட்டியல் வெறும் கோபம் இல்லை, அந்தத் தத்துவம் கேட்கிற சாட்சியம்.

கொப்பியில் இன்னொரு பக்கத்தை இதில் இல்லாததற்கு ஒதுக்குங்கள். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பகுதியைக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் வெட்டிவிட்டது. எழுதிய அவரே அடிமைகளை வைத்திருந்தவர். இதை மறைத்துவிட்டு "எல்லா மனிதரும் சமம்" என்ற வரிக்கு விளக்கம் எழுத முடியாது.

அப்புறம், 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பிரித்தானியரிடம் முழுச் சுயராச்சியம் கேட்டு இலங்கை அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததையும் எடுத்து, அதே இரண்டு பக்கக் கோட்டை அதற்கும் கீறிப் பாருங்கள்.