சால்ட் லேக் சிட்டியில் வீடு பார்க்கும்போது கூலரைக் கவனியுங்கள்

வேலைக்காக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டிக்குக் குடிவருகிறீர்களா? சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, லைசென்ஸ் எல்லாம் கம்பெனியிலேயே சொல்லிவிடுவார்கள். பழைய கார் வாங்கினால் சால்ட் லேக் கவுண்டியில் புகைச் சோதனை உண்டு. அவ்வளவுதான். இங்கே யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் காற்று.

கிழக்கே வாசாட்ச் மலை, மேற்கே ஓகர் மலை, நடுவே ஊர். குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடும்; அதன் மேல் வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்ளும். கார் புகையும் விறகுப் புகையும் வெளியேற வழியில்லை. இதை இங்கே இன்வெர்ஷன் என்பார்கள். நம் மார்கழி மூட்டம் வெயில் ஏறினால் கலைந்துவிடும். இது அடுத்த புயல் வரும்வரை நாள்கணக்கில் நிற்கும். அந்த நாட்களில் காலை வாக்கிங் வேண்டாம். பார்க் சிட்டி பக்கம் மலையேறினால் பளிச்சென்று வெயில் அடிக்கும்.

கோடையில் காட்டுத்தீப் புகை வரும், கலிஃபோர்னியா, ஆரிகன் தீயிலிருந்துகூட. என் நண்பர் குடும்பம் மாட்டிக்கொண்டது அதில்தான். பழைய வீடு, நல்ல வாடகை, 'கூலிங் உண்டு' என்று விளம்பரம். இருந்தது ஸ்வாம்ப் கூலர். நம் ஊர் ஏர் கூலரேதான், கூரைமேல் பெரிதாக. இந்த வறண்ட வெயிலுக்கு அது அருமையாக வேலை செய்யும், கரண்டும் மிச்சம். ஆனால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்தான் ஓடும். வெளிக்காற்றை ஓயாமல் உள்ளே இழுக்கும். ஈரத் தட்டிகள் நுண்ணிய புகையைப் பிடிக்காது. கூலரைப் போட்டால் வீட்டுக்குள் புகை, நிறுத்தினால் வேக்காடு. வீசிங் உள்ள குழந்தை இரவெல்லாம் இருமியது. வாடகை ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்ததற்கு வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதனால் வாய்விட்டுக் கேளுங்கள்: சென்ட்ரல் ஏசியா, ஸ்வாம்ப் கூலரா? கூரைப் பெட்டிக்குத் தண்ணீர்க் குழாய் போனால் அது கூலர். சென்ட்ரல் ஏசி என்றால் நுண்ணிய புகையையும் பிடிக்கும் மெர்வ் 13 ரக ஃபில்டரைத் தாங்குமா என்றும் கேட்டுவிடுங்கள். அப்புறம், அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட் (நம் ஊர் சிம்னி) புகையை வெளியே தள்ளுகிறதா, அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா? ஜன்னல் திறக்க முடியாத நாளில் மிளகாய் தாளித்தால் தெரியும்.

காற்றின் தரத்தை ஓர் எண்ணாகக் காட்டும் ஏர்நவ் செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்; எண் ஏற ஏறக் காற்று மோசம். எண் 100ஐத் தாண்டினால் வீசிங் பிள்ளைகளை வெளியே விளையாட விடாதீர்கள். 150ஐத் தாண்டினால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காலையில் ஜன்னலைத் திறந்து வைக்கும் நம் பழக்கத்தையும் அந்த எண்ணைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேட் சால்ட் லேக் ஏரியும் வற்றி வருகிறது. 2022 நவம்பரில் பதிவுகளிலேயே மிகக் குறைந்த மட்டத்துக்கு இறங்கியது. வெளியே தெரியும் ஏரிப்படுகையின் மண்ணில் ஆர்சனிக் உண்டு, காற்றடித்தால் அந்தத் தூசி ஊருக்குள் வரும். ஏரிக்குச் சேரும் முன்பே திருப்பிவிடப்படும் ஆற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு வயல்களுக்குப் போகிறது, வீட்டுப் புல்வெளிகளுக்கும் போகிறது. தண்ணீருக்கு அடித்துக்கொண்டு வளர்ந்த நமக்கு இதைப் பார்க்க மனசு கேட்காது. புல்வெளியுள்ள வீடு என்றால், அதைக் காயவிடலாமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.