நீராவிக் கணக்கில் சாளரம் மட்டும் பொருந்தாதபோது

ஈரம் மிகுந்த வெப்பமண்டலக் காற்றில், தரையை நோக்கி வரும் அகச்சிவப்புக் கதிர்வீச்சைக் கோடு கோடாகக் கணக்கிட்டேன். கோடு என்பது ஒரு வாயு கதிர்வீச்சை உட்கவரும் குறுகிய அலைநீளப் பகுதி. கோடுகள், வாயுக்களின் கோடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஹைட்ரான் (HITRAN) தரவுத்தளத்திலிருந்து எடுத்தவை. அழுத்தத்தால் அவை விரிவதும் சேர்ந்திருந்தது. கார்பன் டை ஆக்சைடு வலுவாக உட்கவரும் 15 மைக்ரான் பக்கம் விடை அளவீட்டோடு பொருந்தியது. காற்று கதிர்வீச்சைப் பெரும்பாலும் தடுக்காமல் விடும் பகுதியான 8 முதல் 12 மைக்ரான் வரையிலான வளிமண்டலச் சாளரத்தில் மட்டும் விடை அளவீட்டைவிட நன்றாகவே குறைந்தது.

வறண்ட காற்றுக்கு ஓட்டிப் பார்த்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதுதான் துப்பு. சாளரத்தில் வலுவான நீராவிக் கோடுகள் கிடையாது. அங்கே முக்கியமானது நீராவியின் தொடர் உட்கவர்தல், அதாவது தனிக் கோடுகளாக இல்லாமல் அலைநீளங்கள் நெடுகப் பரவியிருக்கும் உட்கவர்தல். அதில் நீராவி மூலக்கூறுகள் தமக்குள் உறவாடுவதால் வரும் பங்கு, நீராவி அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஈரம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்கு!

சரி என்று, இந்தத் தொடர் உட்கவர்தலைக் கணக்கிடும் எம்டி-சிகேடி (MT_CKD) மாதிரியைச் சேர்த்தேன். இங்கே ஒன்றை அவசியம் கவனியுங்கள்: ஒவ்வொரு நீராவிக் கோட்டையும் மையத்திலிருந்து இருபுறமும் 25 செ.மீ⁻¹ (அலை எண்ணின் அலகு) தள்ளி வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் உள்ள மதிப்பைக் கோடு முழுவதிலும் கழிக்க வேண்டும். இப்படிக் கழிக்கும் அடிப்பகுதி எம்டி-சிகேடி மாதிரிக்குள்ளேயே இருப்பதால், கழிக்காவிட்டால் இரண்டு முறை கணக்கில் ஏறும். கழித்ததும் சாளரமும் பொருந்தியது. ஒப்பிடுவதற்கு மேகமில்லாத நேரத்து அளவீட்டையே எடுங்கள். தாழ்ந்த மேகம் சாளரத்தையே அடைத்துவிடும்.