ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிப்போய் விடுவது எப்படி?

ஜூனில் பள்ளி திறக்கிறது என்றால் சீருடை, ஷூ, நோட்டுக்கு அட்டை என்று எல்லாம் ஓடி ஓடிச் செய்கிறோம். வண்டியிலிருந்து பிள்ளையை இறக்கி வாசலுக்குள் அனுப்பும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் ஒத்திகை பார்ப்பதில்லை. வழியெல்லாம் நிதானமாக ஓட்டி வருகிறவர்களும் பதறுவது அங்கேதான். பின்னால் ஹாரன் சத்தம், பள்ளியில் மணிச் சத்தம், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட கவலை. அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி அந்த நிமிடத்துக்கே.

1. ஹெல்மெட்

நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். கூடவே வரும் தம்பி தங்கை அதற்கும் சிறியவர் என்றால் ஹெல்மெட்டோடு, ஓட்டுபவருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். அவர் வண்டியில் இருக்கும்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான இந்த விதி 2023 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ளது.

தையல் டேப்பால் நெற்றியைச் சுற்றி அளந்துகொண்டு, பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஐந்து, ஆறு வயதுக்குப் பெரும்பாலும் 50 முதல் 52 சென்டிமீட்டர் வரும். ‘வளர்ற பிள்ளைதானே’ என்று ஒரு அளவு பெரிதாக எடுக்காதீர்கள். பாவாடை சட்டையில் அது சிக்கனம். தளர்ந்த ஹெல்மெட்டோ விழும்போது கழன்று போய்விடும். பட்டையை மாட்டிவிட்டு ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளவற்றில் எடை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள், சின்னக் கழுத்து தாங்க வேண்டுமே.

2. உட்காரும் இடம்

ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைப்பதை நிறுத்திவிடுங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் முகம் நேராக ஹேண்டில்பாரில் மோதும். பிள்ளையின் கைக்கு ஆக்சிலரேட்டரும் எட்டும். பின்னால் இரு பக்கமும் கால் போட்டு உட்காரவைத்து, பட்டையால் உங்களோடு இணைத்துக்கொள்வதே சரி. பைக்கில் கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டாமல் தொங்கினால் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்விடும். சேலை கார்டைக் கழற்றி வைத்திருந்தால் திரும்பப் பொருத்துங்கள். அம்மாவின் துப்பட்டா, முந்தானை, பிள்ளையின் ரெயின்கோட் நுனி, எதுவும் சக்கரப் பக்கம் தொங்கக் கூடாது.

புத்தகப் பை பிள்ளையின் முதுகில் இருக்க வேண்டாம். வண்டி கிளம்பும்போது அந்த எடை பின்னால் இழுக்கும். முன்னால் உள்ள கொக்கியில் மாட்டுங்கள். ஹேண்டில்பாரில் வேண்டாம், திருப்புவதற்கு இடைஞ்சல். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் பையின் எடை 1.6 முதல் 2.2 கிலோ வரை என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே அதில் பாதியைத் தின்றுவிடும். பள்ளியில் குடிநீர் நன்றாக இருந்தால் அரை லிட்டர் போதும்.

3. எங்கே நிறுத்துவது

வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தாதீர்கள். வாசலுக்கு ஐம்பது, நூறு மீட்டர் முன்னால், பள்ளி இருக்கும் அதே பக்கத்தில் ஓர் இடம் பாருங்கள். எதிர்த்திசையிலிருந்து வருகிறீர்கள் என்றால் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். இரண்டு நிமிடம் கூடும், ஆனால் பிள்ளை சாலையைக் கடக்கவே வேண்டியதில்லை. ‘கண்ணு, பாத்து ஓடிப் போ’ என்று எதிர்ப்பக்கம் இறக்கிவிடுவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்க அந்த வயதுக்குத் தெரியாது.

நிற்கும் வேன், காருக்குப் பின்புறமும் வேண்டாம். ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம், ரிவர்ஸ் எடுப்பவர் கண்ணில் படாது.

மே கடைசியில் ஒருமுறை போய்ப் பார்த்து வந்தால் வழி மட்டும்தான் தெரியும், நெரிசல் தெரியாது. எனவே பள்ளி திறந்த முதல் வாரம் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 ஆகஸ்ட் முதல் காலை உணவும் உண்டு. பிள்ளை அங்கே சாப்பிடுவதாக இருந்தால் அந்த நேரத்துக்குக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.

4. இறக்கும் வரிசை

இதை வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் தினமும் பழக்குங்கள். வரிசை மாறக் கூடாது.

வண்டியை இடது ஓரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுங்கள். இரண்டு காலும் தரையில், இரண்டு பிரேக்கும் கையில். பிறகு நீங்கள் ‘இறங்கு’ என்று சொல்ல வேண்டும். பட்டையைக் கழற்றியதும் பிள்ளை இடது பக்கமாக இறங்கி, ஓரத்துக்கு இரண்டு எட்டு வைத்து நிற்க வேண்டும். அதற்கப்புறம் நீங்கள் இறங்கி ஸ்டாண்ட் போடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றுவது, பையை மாட்டுவது எல்லாம் ஓரத்தில் நின்றுதான்.

எப்போதும் இடது பக்கம் என்பதற்கு இரண்டு காரணம். வலது பக்கம் மற்ற வண்டிகள் போகும். பெரும்பாலான வண்டிகளில் சைலென்சரும் வலது பக்கம்தான். அரைக்கால் சட்டையோடு அந்தப் பக்கம் இறங்குகிற பிள்ளைக்குக் கெண்டைக்காலில் சூடு பட்டுவிடும்.

பலரும் விடுவது சாவி விஷயத்தை. ‘ஒரு நிமிஷம்தானே’ என்று இன்ஜின் ஓடும்போதே இறக்குவார்கள். பிள்ளை பிடிமானத்துக்கு ஆக்சிலரேட்டரைப் பிடித்துத் திருகினால் வண்டி பாயும். மின்சார ஸ்கூட்டரில் இது இன்னும் மோசம்: சத்தமே இல்லாததால் வண்டி ஓட்டத் தயாராக இருப்பதே தெரியாது.

5. விடைபெறுவது

ஓரத்திலிருந்து வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். விரலைப் பிடிக்கக் கொடுக்காதீர்கள், உதறிக்கொண்டு ஓடிவிடும். நீங்கள் மணிக்கட்டைப் பிடியுங்கள்.

பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிப் போகாதீர்கள். அன்றைக்கு அழுகை மிச்சம், மறுநாள் காலை விடவே விடாது. ‘இப்ப வந்துடறேன்’ என்ற பொய்யும் வேண்டாம். ‘மணி அடிச்சதும் இந்த வேப்ப மரத்தடியில நிப்பேன்’ என்று, தினமும் அதே வாக்கியம், அதே இடம். சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். பத்து நிமிடம் சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றால் அழுகை நீளும். இரண்டாம் திங்கட்கிழமை அழுகை திரும்ப வரலாம், விடுமுறைக்குப் பின் அது இயல்பு. வீட்டில் ‘இரு, மிஸ்கிட்ட சொல்றேன்’ என்று மிரட்டுவதை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். பகலெல்லாம் பிள்ளை நம்பி நிற்க வேண்டியது அந்த மிஸ்ஸைத்தான்.

6. உள்ளே போனபின்

அ, ஆ எழுதத் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம், அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் பள்ளி. கால்சட்டைக் கொக்கியைத் தானே கழற்றத் தெரிகிறதா, கழுவிக்கொள்ளத் தெரிகிறதா, டிபன் பாக்ஸ் மூடி கைக்கு வருகிறதா, இவற்றைப் பாருங்கள். இறுக்கமான எவர்சில்வர் மூடியைத் திறக்க முடியாமல் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு. ஷூவில் லேஸ் வேண்டாம், ஒட்டும் பட்டை உள்ளதே நல்லது. ‘மிஸ், பாத்ரூம் போகணும்’ என்று சத்தமாகச் சொல்லப் பழக்குங்கள். கூச்சத்தில் அடக்கிக்கொண்டு நனைத்துவிடுவதுதான் பல பிள்ளைகளின் பள்ளிப் பயம்.

பெயரும் தொலைபேசி எண்ணும் பையின் உள்பக்கம் இருக்கட்டும். வெளியே கொட்டை எழுத்தில் இருந்தால் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். மாலையில் யார் கூட்டிப் போவார்கள் என்று ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். தாத்தாவோ சித்தப்பாவோ மாறி வந்தால் முன்னதாகப் பள்ளிக்குப் போன் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: வேனில் அனுப்புகிறவர்களுக்கு

உதவியாளர் இல்லாத வேன் வேண்டாம். அவர் இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்து வாசலுக்குள் விட வேண்டும். வேனிலிருந்து இறங்கியபின் எது விடுபட்டாலும் வண்டிப் பக்கம் திரும்பிப் போகக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். 2022 மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே, ரிவர்ஸில் வந்த வேன் மோதி இரண்டாம் வகுப்புப் பையன் இறந்தான். ‘பாட்டில் போனா போகட்டும், நான் வேற வாங்கித் தரேன்’ என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தொலைத்தால் திட்டு விழும் என்ற பயம் இருக்கும்வரை பிள்ளை திரும்பி ஓடத்தான் பார்க்கும்.