நம் குப்பையைப் பிரிக்கும் கைகளுக்காக: வீட்டில் செய்ய வேண்டியவை

குப்பை தரம் பிரிக்கும் கொட்டகையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பையைத் தூக்கும்போதே அது எந்த மாதிரி வீட்டுப் பை என்று கைக்குத் தெரிந்துவிடும். வசதியான வீட்டுப் பை கனமாக இருக்கும், முடிச்சு இறுகியிருக்கும். அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது? விரலை விட்டுக் கிழிப்போம். உள்ளே என்ன இருந்தாலும் முதலில் அதில் படுவது விரல்தான்.

உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலக மக்களில் 16 சதவீதம் பேர் வாழும் பணக்கார நாடுகளிலிருந்து 34 சதவீதக் குப்பை வருகிறது. ஏழை நாடுகளிலோ 90 சதவீதத்துக்கும் மேலான குப்பை திறந்த வெளியில் கொட்டப்படுகிறது, இல்லையென்றால் எரிக்கப்படுகிறது. கொட்டும் இடம் பெரும்பாலும் ஏழைகளின் குடிசைக்குப் பக்கத்தில்தான் அமைகிறது. 2000-இல் பிலிப்பைன்ஸில் மணிலாவின் பயாட்டாஸ், 2017 மார்ச்சில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா, அடுத்த மாதமே கொழும்பின் மீதொட்டமுல்ல. மூன்று இடத்திலும் குப்பை மேடு சரிந்து, அதன் ஓரத்தில் குடியிருந்தவர்கள் புதைந்து போனார்கள். அந்த மேட்டை உயர்த்தியவர்களில் பெரும்பாலோர் வேறெங்கோ, நல்ல காற்று வரும் வீடுகளில் இருந்தார்கள்.

உங்கள் வீட்டிலிருந்து தொடங்குவோம். முதலில் ஈரம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு தொட்டி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மக்காத தொட்டிக்குள்ளும் ஈரம் இருக்கக் கூடாது. எண்ணெய் மிச்சமிருக்கும் ஒரு டப்பா சாய்ந்தால், அந்தப் பையில் உள்ள காகிதம் முழுக்க வீண். எண்ணெய்ப் பிசுக்குக் காகிதத்தை யாரும் வாங்க மாட்டார்கள். பொறுக்கிச் சேர்த்தவருக்கு அன்றைய கூலியில் அது அப்படியே குறையும். சோப்பு வேண்டாம். பாத்திரம் அலசிய தண்ணீரிலேயே டப்பாவை ஒருமுறை அலசி, கவிழ்த்து வடியவிட்டுப் பிறகு போடுங்கள். மக்கும் குப்பையை உரமாக்க இடமிருந்தால் இன்னும் நல்லது. குப்பைக் கிடங்கில் மீத்தேன் வாயு உண்டாகித் தீப்பிடிப்பது இந்த ஈரக் குப்பை மக்குவதால்தான்.

அடுத்து, குத்துவதும் வெட்டுவதும். உடைந்த கண்ணாடியை வெறும் செய்தித்தாளில் சுற்றினால் கிழித்துக்கொண்டு வரும். அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டுங்கள். ஊசி, பிளேடு இரண்டையும் கெட்டியான, திருகுமூடி உள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். பயன்படுத்திய ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. எல்லாம் பரவலாம். மேலே 'கண்ணாடி' என்று எழுதிவைப்பது மட்டும் போதாது, பிரிப்பவர்களில் நிறையப் பேருக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுங்கள். நாப்கின், டயப்பர் பொட்டலத்துக்கும் அதே குறிதான், அதைத் தனியாகவே கொடுங்கள்.

பேட்டரி எந்தத் தொட்டிக்கும் போகக் கூடாது. லித்தியம் பேட்டரி வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பழைய ஒயர், சார்ஜர் கிடைத்தால் உள்ளே இருக்கும் செம்புக்காக எரிப்பார்கள், அந்தப் புகையில் டையாக்சின் என்ற நச்சு வரும். ஆப்பிரிக்காவில் கானாவின் அக்போக்ப்ளோஷி மின்னணுக் குப்பைக் கிடங்கில் இளைஞர்கள் இந்தப் புகைக்குள் நின்றுதான் பிழைத்தார்கள். அதனால் மின்னணுக் குப்பையை, முறையாக அனுமதி பெற்று வாங்குபவரிடம் மட்டும் கொடுங்கள். அப்படி யாரும் இல்லாத ஊரா? சரி, கிடைக்கும்வரை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருங்கள்.

அப்புறம், யாரிடம் கொடுக்கிறோம் என்பது. பொறுக்குபவர், சின்ன வியாபாரி, பெரிய வியாபாரி, ஆலை என்று கைமாறும் வரிசையில் மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர் முதலில் நிற்பவர்தான். காய்ந்த பொருளை ஒரு வாரம் சேர்த்து, குறித்த நாளில் ஒரே ஆளிடம் நேராகக் கொடுங்கள். மேட்டில் ஏறிக் கிளறாமலே அவருக்கு நல்ல சரக்கு கிடைக்கும். அதைத் தானமாக நினைக்காதீர்கள், அது அவருடைய தொழில். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக நகராட்சி. பொறுக்குபவர்களை ஒதுக்கிவிட்டு மொத்த ஒப்பந்தத்தையும் ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்தால், குப்பை மேடு அப்படியே இருக்கும், அவர்கள் பிழைப்பு மட்டும் போகும். வேறு வழி உண்டு. புனேயில் 2008 முதல் பொறுக்குபவர்களின் கூட்டுறவே மாநகராட்சி ஒப்பந்தத்தில் வீடு வீடாகச் சேகரிக்கிறது. கொலம்பியாவின் பொகோட்டாவில் பொறுக்குபவர்கள் நீதிமன்றம் வரை போராடினார்கள், 2013 முதல் அவர்கள் சேகரிப்புக்குப் பணம் கிடைக்கிறது. உங்கள் வார்டு அலுவலகத்துக்கு எழுத்தில் நான்கு கேள்வி அனுப்புங்கள்: எங்கள் குப்பை எங்கே கொட்டப்படுகிறது? அங்கே எத்தனை பேர் பொறுக்குகிறார்கள்? அவர்களுக்கு அடையாள அட்டையும் கையுறையும் கொடுத்தாயிற்றா? நிழலில் உட்கார்ந்து பிரிக்க இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா? பதில் வராவிட்டால், தெருவில் இன்னும் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி மறுபடியும் அனுப்புங்கள்.