ரஷ்ய நாடாளுமன்றத்தின் கூச்சலைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995 ஜூன். ரஷ்யத் தொலைக்காட்சியில் ஒரு நேரடி மோதல். ஒருபுறம் எல்டிபிஆர் கட்சித் தலைவர் விளாதிமிர் ஜிரினோவ்ஸ்கி, மறுபுறம் அப்போது நீஷ்னி நோவ்கரோத் ஆளுநராக இருந்த போரிஸ் நெம்த்சோவ். பேச்சு முற்றியதும் ஜிரினோவ்ஸ்கி கிளாஸில் இருந்த ஆரஞ்சு ஜூஸை நெம்த்சோவ் மேல் வீசினார். அவரும் தன் கிளாஸை எடுத்துத் திருப்பி ஊற்றினார். ரஷ்ய நாடாளுமன்ற அரசியல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது இந்த வீடியோதான். அதோடு நிறுத்திக்கொண்டால் பல தவறுகள் வரும்.

ஜிரினோவ்ஸ்கியைக் கோமாளி என்று தள்ளிவிடுவது முதல் தவறு. 1991 அதிபர் தேர்தலில், அதற்கு முன் பெரிதாக யாருக்கும் தெரியாத இந்த ஆள் 60 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கி மூன்றாவதாக வந்தார். 1993 டிசம்பரில் டூமா எனப்படும் கீழவைக்கு நடந்த தேர்தலில் அவருடைய கட்சி சுமார் 23 சதவீதத்தோடு முதலிடம் பிடித்தது. முடிவு வந்த இரவு எழுத்தாளர் யூரி கரியாகின் தொலைக்காட்சி நேரலையிலேயே “ரஷ்யாவே, உனக்குப் புத்தி கெட்டுவிட்டது” என்று கத்தினார். மக்களுக்குப் புத்தி கெடவில்லை என்பது என் எண்ணம். 1992இல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியதும் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் ஒன்றுமில்லாமல் போனவர்கள் அவர்கள். அவர்களுக்குப் புரிகிற பாஷையில் கோபமாகப் பேசியவர் ஜிரினோவ்ஸ்கி.

அதற்காக நாடே அவர் பின்னால் போய்விட்டது என்று நினைப்பதும் தவறு. அந்த 23 சதவீதம், ஆளுக்கு இல்லாமல் கட்சிக்குப் போடும் கட்சிப் பட்டியல் வாக்கு. தொகுதிக்கு ஒருவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடங்களில் கட்சி ஜெயித்தது வெறும் 5. மொத்தம் 450 இடங்களில் 64தான்.

எனக்கு ரொம்பவே வருத்தம் தரும் தவறு, கூச்சல் போடுபவரை எதிர்க்கட்சி என்று நம்புவது. சபையில் கைகலப்பு, பெண் உறுப்பினரின் முடியைப் பிடித்து இழுத்தது, மைக்கில் வசவு என்று எல்லாம் செய்தவர்தான் ஜிரினோவ்ஸ்கி. ஆனால் வாக்கு எங்கே போனது என்று பாருங்கள். 1993இல் அதிபருக்கு அதிகாரத்தை அள்ளிக்கொடுத்த, அன்றைய அதிபர் யெல்ட்சினின் அரசியல் சட்டத்தை ஆதரித்தார். 1999 மே மாதம் யெல்ட்சினைப் பதவி நீக்கும் தீர்மானம் வந்தது. தேவை 300 வாக்கு. செச்சென் போர் பற்றிய குற்றச்சாட்டுக்கு 283 விழுந்தது, 17 குறைவு. முந்தைய தேர்தலில் 51 இடம் வென்ற எல்டிபிஆர் அந்த வாக்கெடுப்பையே புறக்கணித்தது. அன்றைக்கு யெல்ட்சினைக் காப்பாற்றியதில் இந்தச் சத்தக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு நாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2014 மார்ச் 20, உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யாவோடு சேர்க்க டூமாவில் வாக்கெடுப்பு. ஆதரவு 443, எதிர்ப்பு 1. அந்த ஒற்றை வாக்கு இல்யா பொனமரியோவ் போட்டது. அவர் யார் மேலும் எதையும் வீசவில்லை. பிறகு வெளிநாட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று, 2016இல் உறுப்பினர் பதவியும் பறிபோனது. எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

எல்டிபிஆர் கட்சியின் முழுப்பெயரில் லிபரல், டெமாக்ரடிக் என்ற சொற்கள் இருப்பதை வைத்துக் கொள்கையை ஊகிக்கவும் வேண்டாம். அது பேரரசுக் கனவு பேசும் தேசியவாதக் கட்சி.

அப்புறம் ஜிரினோவ்ஸ்கிக்குக் கொடுக்கும் ‘தீர்க்கதரிசி’ பட்டம். 2021 டிசம்பர் இறுதியில் டூமாவில் பேசியபோது, பிப்ரவரி 22 அதிகாலை 4 மணிக்கு ரஷ்யாவின் புதிய கொள்கையை உணர்வீர்கள் என்றார். 24ஆம் தேதி உக்ரைன் மீது படையெடுப்பு. உடனே எல்லோரும் அந்த வீடியோவைப் பகிர்ந்தார்கள். ரஷ்ய வீரர்கள் இந்தியப் பெருங்கடலில் பூட்ஸ் கழுவுவார்கள் என்று இதே மனிதர் 90களில் பேசியதை யாரும் கூடவே பகிரவில்லை. முப்பது வருடம் விடாமல் பேசியவரின் பேச்சில் ஒன்றிரண்டு பலிக்கத்தான் செய்யும். அதை வைத்துக் கிரெம்ளினின் திட்டத்தைப் படிக்க முடியாது.

சரி, அந்த ஜூஸ் வீடியோவுக்கே வருவோம். நெம்த்சோவ் 2015 பிப்ரவரி 27 இரவு கிரெம்ளினை ஒட்டிய பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜிரினோவ்ஸ்கி 2022 ஏப்ரலில் கோவிட் பாதிப்பால் மருத்துவமனையில் இறந்தார். அவருடைய இறுதி அஞ்சலிக்குப் புதின் நேரில் வந்து பூங்கொத்து வைத்தார்.