நிழல் விழும் சிட்-அவுட்டுக்கு வண்ணச் செடிகள்: முதன்முறை வளர்ப்பவர்களுக்கான செய்முறை

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் தரைத்தள வீட்டின் சிட்-அவுட் (வீட்டை ஒட்டிய திறந்த திண்ணை) வடக்குப் பார்த்தது. மேல்மாடிப் பால்கனி கூரைபோல் கவிந்திருக்க, கிழக்கே நான்கு மாடிக் கட்டடம் ஒன்று காலை வெயிலை முழுவதும் மறைத்து நிற்கிறது. குடிவந்த வருடம் ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் இரண்டு ரோஜாச் செடிகளையும் மூன்று குரோட்டன்ஸ் செடிகளையும் வாங்கி வைத்தேன். ரோஜா மொட்டு விடவேயில்லை. மஞ்சளும் சிவப்புமாக வந்த குரோட்டன்ஸ், மூன்று மாதத்தில் புதிதாகத் துளிர்த்த இலைகளையெல்லாம் வெறும் பச்சையாகவே விட்டது. இரண்டுமே வெயில் கேட்கும் செடிகள். நிழலில் நிறம் வேண்டுமானால் அதைப் பூவில் தேடாமல் இலையில் தேட வேண்டும், அதிலும் வெயில் இல்லாமலே நிறம் காட்டும் இலையில் தேட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

முதல் படி: வெளிச்சத்தை அளந்துகொள்ளுங்கள்

செடி வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். நண்பகலில் தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பிடியுங்கள். விரல்கள் பிரிந்து தெரியும்படி மங்கலான நிழல் விழுந்தால் பெரும்பாலான நிழல் செடிகளுக்கு அந்த வெளிச்சம் போதும். நிழலே தெரியாவிட்டால் அந்த மூலைக்கு மிகக் குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும் செடிகள் மட்டுமே சரிப்படும்.

ஒருநாள் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடாதீர்கள். பெங்களூரு ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். டிசம்பரில் துளி வெயிலும் படாத வடக்குப் பக்கத்துக்கு மே மாதத்தில் மாலை வெயில் சாய்வாக வந்துவிடும். இதை நான் அறியாமல் மேற்கு ஓரத்தில் வைத்திருந்த, கோலமிட்டதுபோன்ற அகல இலைகள் கொண்ட கலாத்தியா என்ற செடியின் இலை விளிம்புகள் ஒரே வாரத்தில் காகிதம்போல் காய்ந்து சுருண்டன. தெற்குப் பார்த்த வீடுகளில் இதற்கு நேர்மாறாக நவம்பர் முதல் ஜனவரிவரை வெயில் உள்ளே நீளும்.

இரண்டாம் படி: செடிகளைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அக்லோனிமா. இளஞ்சிவப்புப் புள்ளிகளும் சிவப்பு நரம்புகளும் கொண்ட வகைகள் எல்லா நர்சரிகளிலும் கிடைக்கின்றன. மெதுவாகத்தான் வளரும் என்பதால் அடிக்கடி வெட்டவோ தொட்டி மாற்றவோ வேண்டியதில்லை, நான்கு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதற்குத் துணையாக வெளிர் இளஞ்சிவப்பு சிங்கோனியத்தையும், வெள்ளி வரியும் ஊதா அடிப்புறமும் கொண்ட தொங்கும் ஜெப்ரினாவையும் வைக்கலாம். இருண்ட மூலைக்கு மணிபிளான்ட்டும் மஞ்சள் விளிம்பிட்ட பாம்புச் செடியும் போதும்.

கோலியஸ் இவற்றிலேயே அதிக நிறம் தரும். ஆனால் கொஞ்சம் கைவேலை கேட்கும். நுனியில் பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடாவிட்டால் செடி ஒல்லியாக உயர்ந்து அடியிலைகளை உதிர்த்துவிடும். கிள்ளிய தண்டை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் கணுக்களிலிருந்து நூல் நூலாக வெள்ளை வேர்கள் இறங்குவதைக் காணலாம். ஒரு செடி வாங்கினால் ஆறு செடியாவது இப்படித்தான். பூவும் வேண்டுமென்பவர்கள் வெள்ளைப் பூ விடும் பீஸ் லில்லியை வைத்துப் பாருங்கள்.

நிறங்களைத் தேர்ந்தெடுக்கையில் ஒன்றைக் கவனியுங்கள். அடர்சிவப்பும் கருஊதாவும் நர்சரி வெளிச்சத்தில் கண்ணைக் கவரும், நிழலுக்கு வந்ததும் கறுத்துப் பின்வாங்கிவிடும். வெள்ளை, எலுமிச்சைப் பச்சை, இளஞ்சிவப்பு ஆகியவைதான் மங்கிய வெளிச்சத்திலும் எடுப்பாகத் தெரியும்.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ நாயோ இருந்தால் அக்லோனிமா, சிங்கோனியம், கலேடியம் (கிழங்கிலிருந்து வளரும் வண்ண இலைச் செடி), பீஸ் லில்லி, மணிபிளான்ட் ஆகியவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். இவற்றின் இலையை மென்றால் அதிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் வாயையும் நாக்கையும் எரியச் செய்யும். பாம்புச் செடியும் ஜெப்ரினாவும் கோலியஸும் வேறு காரணங்களால் தொல்லை தரும் என்பதால் அவையும் உயரத்திலேயே இருக்கட்டும். கலாத்தியா, ஸ்பைடர் பிளான்ட், ஃபிட்டோனியா ஆகியவற்றில் அந்த அபாயமில்லை.

மூன்றாம் படி: நர்சரியில் பார்த்து வாங்குங்கள்

லால்பாக்கை ஒட்டிய சித்தாபுராவில் வரிசையாக நர்சரிகள் உள்ளன. கூட்டமில்லாத வேலைநாள் காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். வாங்கும் முன் இலையைத் திருப்பி, நரம்போரத்திலும் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும் பஞ்சுபோல் மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புதுச் செடியைப் பத்து நாளாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். பூச்சி தென்பட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

நான்காம் படி: மண்ணை மாற்றுங்கள்

பல நர்சரிப் பைகளில் இருப்பது களித்தன்மையுள்ள செம்மண். வெயிலில் அது சீக்கிரம் காயும். நிழலிலோ நாள்கணக்கில் ஈரம் பிடித்து வேரை அழுகச் செய்யும். ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு ஊறவைத்துப் பிழிந்த கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), ஒரு பங்கு மண்புழு உரம் ஆகியவற்றோடு இரண்டு கைப்பிடி பெர்லைட் (நீர் வடிய உதவும் எடையற்ற வெள்ளைக் கல் துகள்) அல்லது கரடான மணல் சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள். தொட்டியின் அடியில் துளை இருந்தே ஆக வேண்டும். தொட்டி முந்தையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் சிறிய செடி வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும்.

ஐந்தாம் படி: தண்ணீர்

நிழல் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் மிகுந்துதான் சாகின்றன. தினமும் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு விரலை ஓரங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு கலாத்தியாவின் நுனிகளைக் கருகச் செய்யும் என்பதால் அதற்கு மட்டும் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். தட்டில் தேங்கும் நீரை மூன்று நாளுக்கு ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள். அப்படியே தேங்க விட்டால் ஒரு வாரத்திலேயே டெங்கு பரப்பும் கொசு அதில் வளர்ந்துவிடும்.

கலேடியம் வாங்கியவர்களுக்கு இன்னும் ஒன்று. குளிர்காலம் நெருங்கும்போது அதன் இலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து மடியும். செடி செத்துவிட்டது என்று எண்ணித் தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். மண்ணுக்குள் கிழங்கு உறங்கத் தொடங்கியிருக்கிறது. தண்ணீரை நிறுத்தி, மழைச்சாரல் படாத மூலையில் தொட்டியை ஒதுக்கி வையுங்கள். கோடை தொடங்கிச் சூடு ஏறியதும் மண்ணை லேசாக நனைத்துவந்தால், சில வாரங்களில் சுருட்டிய குடைபோல் முதல் இலை மேலே வரும்.